இரண்டு போத்தல் துண்டும் ஓர் ஏழடி மனிதரும்

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்திரண்டு வருடம் கூடைப்பந்தாட்டத் துறையில் வேலை செய்தேன் என்று நான் சொன்னால், கேட்பவரின் கண் என் சப்பாத்தில் தொடங்கி மேலே ஏறும். ஏறத் தொடங்கியதுமே தலை வந்துவிடும். பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு, "அப்ப அங்கை என்ன வேலை?" என்ற கேள்வி.

சென்ற மாதம் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கும் பானுமதி என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இந்த முறை பென்ஷனுக்குப் போன ஆக்களிட்டை அவையளின்ரை வேலையைப் பற்றி எழுதி வாங்கிறம். நீங்களும் எழுதித் தாங்கோ."

"என்ரை வேலையைப் பற்றி எழுதினால் ஆர் தங்கச்சி வாசிக்கப் போகினம்?"

"அதுக்குத்தானே கேக்கிறன். உங்கடை வேலை என்னெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் பந்துக்குக் காத்தடிச்சனீங்கள் எண்டுதான் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம்."

அந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு பந்துக்கும் காற்றடித்ததில்லை. சரியாகச் சொன்னால், பந்தைத் தொட்டதே மூன்று தரம்தான். அதில் இரண்டு தரம் அது என்னைத் தொட்டது.

எழுதச் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பழைய அலுவலகத்தில் இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். வீரரின் பெயரையும் அணியின் பெயரையும் தட்டினால் பச்சை அல்லது சிவப்பு விளக்கு எரியுமாம். நான் இரண்டு நாள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு போட்ட கணக்கு அது. என் தலையில் பிய்ப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில்தான் மென்பொருள் வந்து சேர்ந்திருக்கிறது.

வேலை இதுதான். பிராங்பேர்ட்டில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், விளையாட்டு வீரர்களுக்கான ஒரு முகவர் அலுவலகம். ஜேர்மன் கூடைப்பந்து வீரர்களை அமெரிக்கத் தொழில்முறை அணிகளுக்கு அனுப்புவதும், அங்கே அவர்களுடைய ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்வதும் அதன் தொழில். அமெரிக்க லீக்கின் விதிப்புத்தகம் ஒரு செங்கல் பாரம். அதை வாசித்து, எந்த அணிக்குள் எந்த வீரர் சட்டப்படி நுழையலாம் என்று கண்டுபிடிக்கும் குமாஸ்தா நான்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். அகதியாக வந்தேன், உங்களில் பாதிப் பேர் கழுவிய அதே உணவக அடுப்படிகளில் நானும் கோப்பை கழுவினேன், பிந்திய வயதில் அலுவலக வேலைக்கு ஓர் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்தேன். கோப்புகளை அடுக்குவதற்காக இரண்டு கிழமைக்கு அந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டேன். கோப்புகள் அடுக்கி முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

என் முதலாளி லின்ட்னர் அம்மையார் என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னைவிடப் பத்து அங்குலம் உயர்ந்தவர். முன்னாள் வீராங்கனை. முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டவர். எழும்பும்போது அந்த முழங்கால் பழைய கதவுபோலச் சத்தமிடும். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார அந்தச் சத்தமே போதும். கால் இடிக்கிறது என்று தன் மேசையின் நான்கு கால்களுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தார். அதன் முன்னால் நான் உட்கார்ந்தால் என் நாடி மேசை விளிம்பில் இருக்கும். சம்பள உயர்வு கேட்பதற்கு உகந்த நிலை அதுவல்ல.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. 'பிழை' என்ற சொல்லையும் பாவிக்கமாட்டார். அவரிடம் இருந்தது ஒரு வழக்கம் மட்டும்தான். அந்த அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் அப்படியொன்று இருக்க வாய்ப்பில்லை. ஒரு வீரருக்கு "பொருந்துகிறது" என்று சொல்வதற்கு முன், கணக்குப் போட்டவர் அதற்குரிய விதியை அவர் முன்னால் நின்று மூன்று தரம் சொல்லவேண்டும். முதலில் ஆங்கிலத்தில், புத்தகத்தைப் பார்த்து. இரண்டாவது ஜேர்மனில், புத்தகத்தை மூடிவிட்டு. மூன்றாவது, சொல்பவரின் சொந்த மொழியில். என் சக ஊழியர் குரோவாசியர். அவர் குரோவாசிய மொழியில் சொல்வார். நான் தமிழில்.

"உங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தெரியாது. ஆனால் நீங்கள் எங்கே விழுங்குகிறீர்கள் என்பது தெரியும்" என்றார்.

இந்த வழக்கத்தை நான் எவ்வளவு மதித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடினமான விதிகளை ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். சுலபமான விதிகளின்போது, மனைவி சறோ அன்று காலை தந்த கடைப் பட்டியலைச் சொன்னேன். "கத்தரிக்காய் ஒரு கிலோ, முருங்கைக்காய் நல்லதெண்டால் மட்டும், தேங்காய்ப்பால் ரெண்டு ரின், கறிவேப்பிலை மறந்திடாதேங்கோ." தடங்கலே இல்லாமல் வரும். லின்ட்னர் தலையை ஆட்டுவார். "மிகத் தெளிவு, ஹெர் சிவா." சிவபாதம் என்ற என் பெயரில் அவருக்குப் பிடிபட்ட பாதி அது.

விதியை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பயப்படவேண்டாம், ஒரு தரம்தான்.

ஒவ்வோர் அணியும் தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு வேலி போட்டிருக்கிறது. மொத்தம் வேலிக்கு உள்ளே நின்றால், மிச்சமிருக்கும் இடத்தில் புதிய ஆளைச் சேர்க்கலாம். மொத்தம் வேலியைத் தாண்டிவிட்டால் புதிய ஆள் இல்லை. ஆனால் இது அமெரிக்க வேலி. உள்ளே நுழைய நாலைந்து படலைகள் உண்டு. அதில் ஒரு படலை வீரர் மாற்று. நீ ஓர் ஆளைத் தா, ஏறக்குறைய அதே சம்பளத்தில் நான் ஓர் ஆளைத் தருகிறேன். சரி, ஓர் அணி தன் ஆளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு யாரையும் வாங்கவில்லை என்று வையுங்கள். அப்போது போன ஆளின் சம்பள அளவுக்கு அந்த அணிக்கு ஓர் உரிமை கிடைக்கும். ஒரு வருடத்துக்குள் அந்த அளவுக்குள் அடங்கும் வேறோர் ஆளை, பதிலுக்கு ஒருவரையும் கொடுக்காமல், அது எடுத்துக்கொள்ளலாம். வருடம் முடிந்தால் உரிமையும் முடிந்தது.

இதை முதன்முதலில் அலுவலகத்தில் விளக்கியபோது எனக்குக் கைகொடுத்தது பேரங்காடியிலுள்ள போத்தல் மெஷின். வெறும் போத்தலைப் போடுகிறோம். பதிலுக்குப் போத்தல் வருவதில்லை. ஒரு துண்டு வருகிறது. துண்டு காசு இல்லை. ஆனால் அதே கடையில் காட்டினால் அந்த அளவுக்குச் சாமான் எடுக்கலாம். அணிகளின் உரிமையும் அப்படித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். உற்சாகம் தாங்காமல் அடுத்த நாளே வீட்டிலிருந்த உண்மையான போத்தல் துண்டுகளைக் கொண்டுபோய், எங்கள் சுவரில் தொங்கிய அணிகளின் அட்டவணையில் குத்தினேன். எந்த அணியிடம் எவ்வளவு உரிமை, எந்தத் திகதி வரை என்று துண்டின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதினேன். வெளியிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே நிறைய பியர் குடிக்கிறீர்களோ?" என்று கேட்டார்.

இனி மத்தியாஸ்.

அவர் எங்கள் வீரர்களில் ஒருவர், ஹெஸ்ஸன் மாநிலத்துக் கிராமத்துக்காரர், ஏழடி உயரம். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு படத்தில் நான் அவருடைய பயணப்பொதிபோல இருப்பேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். மனைவி கத்ரின் கிழக்குக் கரையில் ஒரு பிள்ளைகள் மருத்துவமனையில் பயிற்சி வைத்தியர். இரண்டு வருடத்துக்கு அவரால் அசையமுடியாது. ஒன்றரை வயது மகள் லேனா தாயோடு. நாடு ஒன்றுதான், ஆனால் இடையில் ஐந்து மணிநேர விமானப் பயணம். மத்தியாஸ் வாரத்தில் மூன்று ஆட்டம் ஆடுகிறவர். மகளைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். லேனா அதனால் தொலைபேசியையே "பப்பா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். கடையில் யாராவது கைபேசியை எடுத்தால் "பப்பா" என்று கையை நீட்டுவாளாம். இதை மத்தியாஸ் எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

கத்ரின் இருந்த அதே நகரத்து அணி அவரை விரும்பியது. அவருடைய அணியும் அவரை விடத் தயார். வீரர் மாற்றுக்கான கடைசி நாள் வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் கோடைகாலம் வரை ஒன்றும் செய்ய ஏலாது. கிழக்கு அணி வேலியைத் தாண்டிய அணி. ஆனால் என் சுவரில் அதற்கு நேராக இரண்டு துண்டுகள் குத்தியிருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மத்தியாஸின் தொகை பெரிய துண்டை மயிரிழையில் தாண்டியது. இரண்டையும் கூட்டினேன். தாராளமாக அடங்கியது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணி. லின்ட்னர் பல் வைத்தியரிடம் எடுத்திருந்த டெர்மினுக்குப் போயிருந்தார். மத்தியாஸ் அழைத்தார், அவருக்கு அப்போது காலை ஏழு.

"ஹெர் சிவா, ஏதாவது தெரிந்ததா?"

மூன்று மொழி வழக்கத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எனக்கில்லை. பிறக்கப்போவது பெட்டையா பெடியனா என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் முதலில் சொல்லிவிடுகிற ஆள் நான். அதில் இரண்டு தரம் மாறிப்போயிருக்கிறது.

"பொருந்துகிறது" என்றேன்.

மறுமுனையில் ஏழடி மனிதர் ஒருவர் துள்ளிக் குதிக்கும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரரை நினைத்துக் கவலைப்பட்டேன்.

புதன் காலை லின்ட்னர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். முழங்கால் சத்தமிட்டது. "மத்தியாஸ் விடயத்தை வாசியுங்கள்."

எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தேன். வாய் தானாக ஓடியது. தேவாரம் மாதிரிப் பாடம். புத்தகத்தை மூடிவிட்டு ஜேர்மனில் சொன்னேன். அதுவும் நூறு தரம் சொன்னதுதான். பிறகு தமிழுக்குத் தொண்டையைச் செருமினேன்.

"ஹெர் சிவா," என்றார் லின்ட்னர், கன்னத்தைப் பிடித்தபடி. "இன்றைக்குக் கத்தரிக்காய் வேண்டாம்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ரயில் நிலையத்தடித் தமிழ்க்கடையில் ஒரு நாள் மரக்கறி வாங்கினேன். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பெயர் சொன்னார். பாதி விதிப்புத்தகம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது." கொஞ்சமும் சிரிக்கவில்லை. "எத்தனை வருடம் என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லுங்கள்."

சொன்னேன். "ஒரு ரீம் தன்ரை ஆளைக் குடுத்துப்போட்டு ஒருத்தரையும் வாங்கேல்லையெண்டால் அதுக்கொரு துண்டு கிடைக்கும். அந்தத் துண்டை வைச்சு இன்னொராளை எடுக்கலாம். துண்டைப் பிரிச்சு ரெண்டு பேரைக்கூட எடுக்கலாம். ஆனால் ஒரு துண்டோடை இன்னொரு துண்டை..."

அங்கே விழுங்கினேன்.

சேர்க்க ஏலாது. ஒரு துண்டோடு இன்னொரு துண்டைச் சேர்த்து ஓர் ஆளை எடுக்க ஏலாது. ஆங்கிலத்தில் அந்த வரியைச் சற்றுமுன் நானே வாசித்திருந்தேன். ஜேர்மனிலும் சொல்லியிருந்தேன். வாய் சொன்னது, காது கேட்கவில்லை. பேரங்காடியில் மட்டும்தான் இரண்டு துண்டையும் ஒன்றாக நீட்டலாம். ஊருக்கெல்லாம் போத்தல் கதை சொல்லி விளக்கிய நானே என் கதையை நம்பி ஏமாந்துவிட்டேன்.

"எங்கே விழுங்கினீர்கள்?"

சொன்னேன். மத்தியாஸிடம் நேற்றே சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

லின்ட்னர் எழுந்துபோய் சுவரிலிருந்த சிறிய துண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இதை வைத்திருங்கள். அவர் விழித்தெழ ஏழு மணிநேரம் இருக்கிறது. உட்காருங்கள்."

அந்த ஏழு மணிநேரத்தில் செங்கல் பாரப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரித்தோம். துண்டோடு ஓர் ஆளைச் சேர்த்து அனுப்பலாமா? அதுவும் ஏலாது. ஆட்களை மட்டும் அனுப்பிச் சமப்படுத்தலாமா? மேற்கு அணிக்குப் பதிலாள் யாரும் வேண்டாம். மத்தியானம் அளவில் லின்ட்னர் மத்தியாஸின் ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார். அவருடைய சம்பளம் மட்டும் பெரிய துண்டுக்குள் அடங்கியது. அதைத் தாண்டவைத்தது கடைசிப் பக்கத்திலிருந்த ஒரு வாசகம்: அணி இவரை வேறோர் அணிக்கு மாற்றினால் இவருக்கு மேலதிகமாக ஒரு கொடுப்பனவு. அதைக் கொடுக்கவேண்டியது பழைய அணி. ஆனால் சம்பளக் கணக்கில் அது ஏறுவது புதிய அணியின் தலையில்.

அந்த வாசகத்தை எழுதியவர் யார் என்று லின்ட்னர் கேட்கவில்லை. நான்தான். ஒப்பந்தம் போட்ட காலத்தில் மூன்று கிழமை சண்டை பிடித்து அதைச் சேர்த்தவன் நான். அது சேர்ந்த அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சறோவுக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "நல்லதுதான், சோறு ஆறுது" என்றாள்.

வழி ஒன்று இருந்தது. மாற்று நடப்பதற்குத் தேவையான அளவுக்கு, அந்தக் கொடுப்பனவில் ஒரு பகுதியை வீரர் தானாக விட்டுக்கொடுக்கலாம். வீரர் மட்டும். இழப்பு அவருக்கு.

"நாங்கள் கேட்கப்போவதில்லை," என்றார் லின்ட்னர். "கதவு எங்கே இறுகியிருக்கிறது, யார் இறுக்கியது என்று சொல்வோம். மிச்சம் அவருடைய விருப்பம்." தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அந்த உயரமான மேசையில் அது நெடுந்தூரம் வந்தது.

நாலு மணிக்கு அழைத்தேன். "மத்தியாஸ், நேற்று நான் சொன்னது பொருந்தவில்லை" என்று தொடங்கி, துண்டு, கூட்டல், கொடுப்பனவு எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் வரவேண்டிய இடங்களில் என் பெயரைச் சொன்னேன்.



"கட்டிலைக் கொடுத்துவிட்டேன்" என்றார் மத்தியாஸ்.

"என்ன?"

"என் அளவுக்குச் செய்வித்த கட்டில். நேற்றே அணித் தோழர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். இரவு தரையில் படுத்தேன். சந்தோஷமாகத்தான் படுத்தேன், ஹெர் சிவா. கத்ரின் லேனாவிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் பொருந்துகிறது என்றீர்கள்."

வைத்துவிட்டார்.

லின்ட்னர் ஓர் அப்பிளை எடுத்து, நல்ல பக்கத்துப் பல்லால் மெல்ல மெல்லக் கடித்தார். அவர் அப்பிளை விதையோடு, காம்போடு தின்பவர். முழுவதும் தின்று முடித்தார். தொலைபேசி அடிக்கவில்லை. நான் கைக்குள்ளிருந்த துண்டை எட்டாக மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் வீரர் ஒருவர் முகவரை மாற்ற ஒரு கடிதம் போதும். அதைவிட எனக்கு அந்தப் பிள்ளையின் நீட்டிய கைதான் கண்ணுக்குள் நின்றது. நாற்பது நிமிடம்.

அடித்தது. கத்ரின். பின்னால் மருத்துவமனை நடைபாதையின் சக்கரச் சத்தம்.

"ஹெர் சிவா, எனக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. அந்த வாசகத்தை வாசியுங்கள். ஆங்கிலத்தில், முழுவதும்."

வாசித்தேன்.

"'தேவையான அளவுக்கு' என்று இருக்கிறது. தேவையான அளவு எவ்வளவு?"

தொகையைச் சொன்னேன்.

"அதற்குமேல் ஒரு சதமும் விடவேண்டியதில்லையே?"

"இல்லை."

"இது உங்களுக்கு நிச்சயமா, அல்லது நேற்றைய நிச்சயமா?"

லின்ட்னர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கன்னம் நோகச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

"ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று கத்ரினிடம் சொல்லிவிட்டு, அந்த விதியைத் தமிழில் உரக்கச் சொன்னேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை. எங்கும் விழுங்கவில்லை. "நிச்சயம்" என்றேன்.

"நீங்கள் இப்போது பேசியது என்ன?"

"எங்கள் அலுவலக வழக்கம்."

"நேற்றும் அதைச் செய்திருக்கலாம்" என்றார் கத்ரின். "மத்தியாஸ் கையெழுத்துப் போடுவார். அவருக்கு உங்கள்மேல் கோபம். எனக்கும்தான். கடதாசியை அனுப்புங்கள்."

அன்று பின்னேரமே கடதாசி போய்த் திரும்பி வந்தது. வியாழக்கிழமை, கடைசி நேரத்துக்கு வெகு முன்பே, லீக் ஒப்புதல் தந்தது. மத்தியாஸ் எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், "மூன்றாவது மொழியிலும் சொன்னீர்களா?" என்று கேட்காமல் விடமாட்டார். அந்த இளவேனிலில் கத்ரினிடமிருந்து ஒரு படம் வந்தது. தரையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் மத்தியாஸின்மேல், கட்டிலில் ஏறி நிற்பதுபோல லேனா நிற்கிறாள். கீழே ஒரு வரி: "இப்போது தொலைபேசியைத் தொலைபேசி என்கிறாள்."

அந்த வருட முடிவில் நான் ஓய்வு பெற்றேன். லின்ட்னர் எனக்குத் தந்த பிரியாவிடைப் பரிசு ஒரு கூடை மரக்கறி. கத்தரிக்காய் மேலே இருந்தது.

சிறிய துண்டை மட்டும் பணப்பையில் வைத்திருந்தேன், சிவப்புப் பேனை எழுத்து உள்பக்கமாக மடித்து. நல்ல செய்தி சொல்ல நாக்குத் துடிக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். இந்தக் கட்டுரைக்காக அதிலிருந்த தொகையைச் சரிபார்க்கலாம் என்று போன சனிக்கிழமை பையைத் திறந்தால் துண்டைக் காணவில்லை.

"என்னப்பா, என்ரை பேர்சுக்குள்ளை ஒரு பழைய துண்டு கிடந்தது, கண்டனீரோ?"

"ஓம், போத்தல் துண்டுதானே? எழுத்தும் மங்கிப்போய்க் கிடந்தது. காலமை கடைக்குப் போகேக்கை குடுத்திட்டன்."

"குடுத்திட்டீரோ? அது எத்தினை வருசத்துப் பழசு! எடுத்தவங்களோ?"

"ஏன் எடுக்காமல்? காசு வாங்கிற பிள்ளை நம்பரைப் பாத்துத் தட்டிப்போட்டு எடுத்தது." சறோ கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே நிமிராமல் சொன்னாள். "என்ரை கையிலையும் ஒண்டு இருந்தது. ரெண்டையும் சேர்த்துத்தான் குடுத்தனான்."